இரண்டு பக்கமும் நியாயம்



இந்த மாத இதழைச் சிறுகதைகளுக்கென்றே ஒதுக்கியிருக்கிறோம். எளிதில் முடிவெடுக்க முடியாத இடத்தில் மாட்டிக்கொண்ட ஒரு மனிதரைப் பற்றி எழுதி அனுப்புங்கள் என்று கேட்டிருந்தோம். வந்து குவிந்த கதைகளைப் படிக்கப் படிக்க மனசு நிறைந்துவிட்டது. மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு வைத்திருந்த பணத்தை அம்மாவின் ஆபரேஷனுக்கு எடுப்பதா என்று தவிக்கும் ஆட்டோ ஓட்டுநர், தேர்வு அறையில் தன் தங்கை பிட் அடிப்பதைப் பார்த்துவிட்ட ஆசிரியை, அண்ணன் தம்பி சண்டையில் யாருக்குச் சாட்சி சொல்வது என்று தெரியாத பக்கத்து வயல்காரர் என்று எத்தனை வீடுகளுக்குள் போய்விட்டு வந்திருக்கிறீர்கள்! தேர்வான கதைகளை உள்பக்கங்களில் படிக்கலாம். அவற்றைப் படித்தபோது என் மனத்தில் ஓடிய சிலவற்றை இங்கே உங்களோடு பேச ஆசை.

கடினமான முடிவு என்றதும் பலரும் நல்லதுக்கும் கெட்டதுக்கும் நடக்கும் சண்டையைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். மேஜை மேல் லஞ்சப் பணம் இருக்கிறது, வாங்குவதா, வேண்டாமா? இதற்கான விடை கதையில் வருகிறவருக்கும் தெரியும், எழுதுகிறவருக்கும் தெரியும். இரண்டாவது பத்திக்குள் வாசகருக்கும் தெரிந்துவிடும். அது சபலத்தின் கதை. அதையும் அருமையாக எழுதலாம். ஆனால் நாம் கேட்ட கதையில் இரண்டு பக்கமும் நியாயம் இருக்க வேண்டும். எந்தப் பக்கம் போனாலும் யாரோ ஒருவருக்குத் துரோகம் செய்தாக வேண்டும். அந்த ஒருவர் நமக்கு ரொம்ப வேண்டியவராகவும் இருக்க வேண்டும்.

இதைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் நான் திரும்பிப் போவது ஜெயகாந்தனின் ‘அக்னிப் பிரவேச’த்துக்குத்தான். 1966-ல் ஆனந்த விகடனில் வந்த கதை. மழையில் பஸ்ஸுக்காக நின்ற கல்லூரிப் பெண், முன்பின் தெரியாத ஒருவனின் காரில் ஏறுகிறாள். தனக்கு நேர்ந்ததை வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்லி அழுகிறாள். அம்மா கணவனை இழந்தவள். வீடோ பல குடித்தனங்கள் சேர்ந்திருக்கும் வீடு. சுவருக்குக்கூடக் காது உண்டு. முதலில் அடிக்கிறாள், அலறுகிறாள். சத்தம் கேட்டு அக்கம்பக்கத்தில் விசாரிக்கிறார்கள். அந்த நொடியில் அவள் மனசு திரும்புகிறது. பெண் மழையில் நனைந்துவிட்டு வந்து நிற்கிறாள் என்பதுபோலச் சொல்லிச் சமாளித்து அனுப்பிவிடுகிறாள். பிறகு மகளின் தலையில் தண்ணீரைக் கொட்டி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று சொல்கிறாள்.

அந்த அம்மாவின் நிலையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். கத்தி ஊரைக் கூட்டுவதற்கும் அவளுக்குக் காரணம் இருந்தது. அவள் வளர்ந்த விதமும் அவளைச் சுற்றி இருந்தவர்களும் அதைத்தான் அவளிடம் எதிர்பார்த்திருப்பார்கள். மறைப்பது என்றால் அன்றிலிருந்து ஆயுசு முழுக்க ஒரு பொய்யைத் தனியாகச் சுமக்க வேண்டும். அவள் சுமக்கத் துணிந்தாள். வாசகர்களில் பலரால் அதை ஏற்றுக்கொள்ள முடியவில்லை. கடுமையான எதிர்ப்புகள் எழுந்தன, பெரிய விவாதம் நடந்தது.

அதன் பிறகு ஜெயகாந்தன் செய்ததுதான் எழுதுகிற எல்லோரும் கவனிக்க வேண்டியது. அந்த அம்மா எதிர்ப்பக்கம் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தொடங்கி ஒரு நாவலே எழுதினார். தினமணி கதிரில் ‘காலங்கள் மாறும்’ என்ற பெயரில் தொடராக வந்து, ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ என்று புத்தகமாகி, 1972-ல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்ற நாவல் அது. அதில் அம்மா வாயடக்க மாட்டாள். விஷயம் வெளியே தெரிந்துவிடும். அண்ணன் வீட்டைவிட்டு அனுப்பிவிடுவான். கங்கா என்ற அந்தப் பெண் படித்து, உத்தியோகத்துக்குப் போய், தனக்குள்ளேயே ஒடுங்கிப்போன பெண்ணாக நிற்பாள். அந்த நாவலுக்குள்ளேயே ஒருநாள் அவள் ‘அக்னிப் பிரவேசம்’ கதையைப் பத்திரிகையில் படிக்கிறாள். தன் அம்மா செய்யாமல் விட்டதை யாரோ ஓர் அம்மா கதையில் செய்திருக்கிறாள். இதைவிடப் பெரிய வலியை அந்தப் பெண்ணுக்கு எந்த எழுத்தாளர் தர முடியும்?

ஒரே அம்மா, ஒரே ராத்திரி. ஒரு பக்கம் போனால் சிறுகதை, மறுபக்கம் போனால் நாவல். இரண்டும் நம்பும்படி இருக்கின்றன. கதை எழுதி முடித்ததும் நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி எனக்கு இங்கேதான் கிடைத்தது: என் பாத்திரம் எதிர்ப்பக்கம் போயிருந்தாலும் என்னால் இதே அக்கறையோடு ஒரு கதை எழுத முடியுமா? முடியாது என்றால், அந்த மனிதருக்கு நாம் உண்மையில் இரண்டு வழிகளைக் கொடுக்கவில்லை. ஒரு வழியைக் காட்டிவிட்டு, மற்றதைச் சுவரில் வரைந்து வைத்திருக்கிறோம்.

எழுதிப் பழகுகிறவர்களுக்காக ஒரு கற்பனை. சின்ன ஊர், கூட்டுறவு வங்கியில் நகை மதிப்பீட்டாளர் ஒருவர். அவருக்கு ஆரம்பப் பள்ளியில் அரிச்சுவடி சொல்லிக்கொடுத்த டீச்சர், இப்போது வயதானவர், இரட்டை வடச் சங்கிலியை அடகு வைக்க வருகிறார். அவர் அம்மா போட்ட சங்கிலி. உரைகல்லில் உரசிப் பார்த்தால் செம்பு. டீச்சருக்கு அது தெரியாது. பெற்ற பிள்ளையே எப்போதோ மாற்றிவைத்திருக்கலாம், இல்லை அம்மா போட்டதே செம்பாக இருந்திருக்கலாம். உண்மையைச் சொன்னால் டீச்சர் அன்றைக்கு ஒரு மகனையோ ஓர் அம்மாவையோ இழக்கிறார். தங்கம் என்று எழுதிக் கொடுத்தால் பொதுப்பணம் போகும், மதிப்பீட்டாளரின் வேலையும் போகும். வீட்டில் அவருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

இப்போது நம்மில் பலருக்கு வரும் முதல் யோசனை, “எனக்கு முன்னாடியே தெரியும்பா” என்று டீச்சரைச் சொல்ல வைப்பது. அல்லது அந்த நேரம் பார்த்து மகன் ஓடி வந்து காலில் விழுவான். அப்படி எழுதினால் மதிப்பீட்டாளர் தப்பித்துவிடுவார், கதை அவரைவிட்டுப் போய்விடும். தயவுசெய்து அவரைக் காப்பாற்றாதீர்கள். அவர் உரைகல்லைத் துணியால் துடைக்கட்டும். இரண்டாவது தடவை உரசட்டும். “டீச்சர், இன்னிக்கு சர்வர் வேலை செய்யல, திங்கக்கிழமை வாங்களேன்” என்றுகூடச் சொல்லட்டும். தள்ளிப்போடுவதும் ஒரு முடிவுதான். வாழ்க்கையில் நாம் அதிகம் எடுப்பது அதைத்தான். ஆனால் கதைகளில் அபூர்வமாகவே அதைப் பார்க்கிறேன். வெயிலில் திரும்பிப் போகும் டீச்சருக்குத் திங்கட்கிழமை வரை கையில் காசு இல்லை என்பது மதிப்பீட்டாளருக்குத் தெரியும் என்றால், அங்கிருந்து கதை பிடித்துக்கொள்ளும்.

எடுத்த முடிவிலிருந்து பின்வாங்குவதையும் புதுமைப்பித்தன் எழுதியிருக்கிறார். ‘மனித யந்திரம்’ கதையின் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, வாழ்நாளெல்லாம் ஒரே கடையில் கணக்கு எழுதியவர். ஒருநாள் இரவு கல்லாப் பணத்தை எடுத்துக்கொண்டு ரயில் ஏறப் போகிறார். தூத்துக்குடி, அங்கிருந்து கொழும்பு என்று மனம் பறக்கிறது. கடைசியில் திரும்பி வந்து பணத்தை இருந்த இடத்தில் வைத்துவிடுகிறார். நேர்மை வென்றது என்று சந்தோஷப்பட முடிகிறதா? எனக்கு ஒவ்வொரு தடவையும் அவர் அந்த ரயிலில் போயிருக்கலாமே என்றுதான் தோன்றும். படிக்கிறவருக்கு அப்படித் தோன்றவைத்ததில் புதுமைப்பித்தன் ஜெயித்துவிட்டார்.

காப்பாற்றுவதைப் பற்றிச் சொன்னேன். சாவும் பல கதைகளில் அந்த வேலையைத்தான் செய்கிறது. முடிச்சு இறுகியதும் லாரி வந்து மோதுகிறது, மாரடைப்பு வருகிறது, யாராவது தூக்கு மாட்டிக்கொள்கிறார்கள். முடிவெடுக்க வேண்டியவர் விடுதலை ஆகிவிடுகிறார். இமையத்தின் ‘பெத்தவன்’ கதையும் சாவில்தான் முடிகிறதே என்று நீங்கள் கேட்கலாம். 2012-ல் வெளிவந்த நெடுங்கதை. வேறு சாதிப் பையனை விரும்பிய மகளைக் கொன்றுவிடச் சொல்லி ஊரே ஒரு தகப்பனை நெருக்குகிறது. அவர் ஊருக்குச் சரி என்று சொல்லிவிட்டு, ராத்திரியோடு ராத்திரியாக மகளை அவள் விரும்பியவனிடம் அனுப்பிவைக்கிறார். பிறகு தன்னை மாய்த்துக்கொள்கிறார். அங்கே சாவு வருவதற்கு முன்பே முடிவு எடுக்கப்பட்டுவிட்டது. அந்த முடிவுக்கு அவர் கொடுத்த விலை அது. மகளை வழியனுப்பும் அந்த நீண்ட ராத்திரியை இமையம் அவசரப்படாமல் எழுதியிருக்கிறார்; அந்த மனிதரின் வாய் ஓயாத பேச்சிலேயே பாசமும் பயமும் தெரியும். கிடைத்தால் அவசியம் படியுங்கள். கிடைக்காவிட்டால் தேடிப் பிடித்துப் படியுங்கள்.

உயிர் போகிற பிரச்சினையாகத்தான் இருக்க வேண்டும் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். கு.ப.ரா.வின் ‘ஆற்றாமை’யில் நடப்பது என்ன? கணவனைப் பிரிந்திருக்கும் பெண். பக்கத்துக் குடித்தனத்தில் இளம் தம்பதி. அவர்களைத் தேடி நேரங்கெட்ட நேரத்தில் ஓர் ஆள் வருகிறார். அவரை அவள் ஏதாவது சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கலாம். கதவைத் தட்டும்படி விட்டுவிடுகிறாள். அவ்வளவுதான் செய்தது. அதற்குப் பிறகு அவள் படும் வேதனை நம்மை விடுவதில்லை. கு. அழகிரிசாமியின் ‘ராஜா வந்திருக்கிறார்’ கதையில் ஒரு துண்டுதான் பிரச்சினை. தீபாவளிக்கு வீட்டுக்காரருக்கென்று ஏழைத் தாய் வாங்கி வைத்திருந்த துண்டு. உடம்பெல்லாம் சிரங்கோடு வந்து நின்ற அநாதைப் பையனைக் குளிப்பாட்டிச் சோறு போட்டாயிற்று, உடுத்த என்ன கொடுப்பது? அவள் தயங்குகிறாள். அந்தத் தயக்கத்தை அழகிரிசாமி மறைக்கவில்லை. தயங்காமல் கொடுத்திருந்தால் அவளைக் கும்பிட்டுவிட்டு நகர்ந்திருப்போம். தயங்கியதால்தான் அவள் நம் வீட்டுப் பெண்ணாகிறாள்.

அம்புலிமாமாவில் விக்கிரமாதித்தன் கதைகளைப் படித்து வளர்ந்தவர்கள் நம்மில் பலர். வேதாளம் சிக்கலான கேள்வி கேட்கும், ராஜா சரியான பதில் சொல்வான், அது மறுபடி மரத்தில் போய்த் தொங்கும். அந்தக் கதைகள் மேல் எனக்கு இன்றைக்கும் பிரியம் உண்டு. ஆனால் நமக்கு வந்த கதைகளில் பலவற்றின் கடைசிப் பத்தியில் எழுத்தாளரே ராஜாவாகிப் பதில் சொல்லிவிடுகிறார். தாய்தான் பெரியவள், உண்மைதான் வெல்லும் என்கிறார். சில கதைகளில் அந்தக் கடைசிப் பத்தியை மட்டும் எடுத்துவிடச் சம்மதம் கேட்டோம். எழுதியவர்கள் மனமுவந்து ஒப்புக்கொண்டார்கள். அவர்களுக்கு என் நன்றி. அந்தக் கதைகள் இப்போது எப்படி நிற்கின்றன என்று படித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

இந்த இதழில் இடம்பெறாத நண்பர்கள் சோர்ந்துவிட வேண்டாம். சில கதைகளைத் திருத்தச் சொல்லி, எந்த இடத்தில் தடுக்கியது என்பதையும் குறித்து அனுப்பியிருக்கிறோம். இதுவரை எதுவும் அனுப்பாதவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மருத்துவமனை வராந்தாவில், ரேஷன் கடையில், பாகப்பிரிவினை நடக்கும் கூடத்தில் ஒருவர் திணறி நின்றதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவர் யாரென்று தெரியாதபடி பெயரையும் ஊரையும் மாற்றிக்கொள்ளுங்கள். அவர் ஏன் அப்படிச் செய்தார் என்று உங்களுக்கு இன்னும் புரியாமல் இருந்தால் அதையே எழுதுங்கள். கையால் எழுதியதானாலும் சரி, தட்டச்சு செய்ததானாலும் சரி, கடைசி வரி வரை படிப்போம்.

அன்புடன்,
ஆசிரியர்