கறளை நிறுத்துவோம், பெயரைச் சுரண்டாதிருப்போம்

ஆண்டுத் திருவிழா நெருங்கிய வேளையில் எங்கள் பங்கில் ஒரு வாக்குவாதம் எழுந்தது. 1990 ஜூனில் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தபோது ஒரு குடும்பம் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு வந்த பாண்ட் மேளமே அதற்குக் காரணம். 1995 ஒக்டோபர் இடப்பெயர்விலும் அது அவர்களோடு தென்மராட்சிக்குப் போய் வந்தது. பின்னர் அடுப்படிப் பரணில் கிடந்து கறள் ஏறிவிட்டது.

இளைஞர்கள் அரத்தாளும் பெயின்ற் பேணியுமாக வந்தார்கள். "நல்லாத் தேய்ச்சுப் புதுப் பெயின்ற் அடிச்சால் திருவிழாவுக்கு அடிக்கலாம், பாதர்" என்றார்கள். பெரியவர்கள் தடுத்தார்கள். "அதிலை கை வைக்காதேங்கோ, கறளும் எங்கட கதைதான்" என்றார்கள். மேளத்தின் தகர உடலில் ஊரின் பெயர் வெள்ளை எழுத்தில் இருக்கிறது. அந்த ஊரின் காணிகளில் ஒரு பகுதி இன்றும் விடுவிக்கப்படவில்லை.

இரு பகுதியினர் பக்கமும் பாதி நியாயம் உண்டு என்பதே என் கருத்து.

கறள் எங்கள் கதை அல்ல. எங்கள் கதையைத் தின்பது. இரும்பு ஈரத்தோடும் காற்றோடும் சேர்ந்து கறளாகும்போது பருமனில் கூடுகிறது. அதனால் மேலிருக்கும் பெயின்றைத் தள்ளிப் பொருக்காக உதிர்கிறது. உப்புக்காற்றில் இது இன்னும் விரைவாக நடக்கும். "அப்படியே இருக்கட்டும்" என்று விட்டால், சில ஆண்டுகளில் அந்த எழுத்தும் தானாகவே உதிர்ந்துவிடும்.

ஆனால் அரத்தாள் கறளையும் எழுத்தையும் பிரித்தறியாது. மண்வெட்டியில் கறள் என்றால் யோசியாமல் தேய்க்கிறோம். அது வேலைக்கான இரும்பு. தேய்ந்தால் வேறொன்று வாங்கலாம். இந்த எழுத்தை எங்கே வாங்குவது? மேலும், பழைய பெயின்றில் ஈயம் இருக்கக்கூடும். அதைத் தேய்க்கும் தூசி பிள்ளைகளுக்குக் கேடு.

ஆகவே, மேளத்தைப் பகுதி பகுதியாகப் பார்ப்போம். கறள் இறுகிய திருகாணிகளுக்கு மண்ணெண்ணெய் தடவி ஓரிரவு விட்டுக் கழற்றுங்கள். பலவந்தமாகத் திருகினால் புரி போய்விடும். குரோமியம் பூசிய பகுதிகளை, நீரில் நனைத்துக் கசக்கிய அலுமினியத் தாளால் மெதுவாகத் தேய்க்கலாம். அலுமினியம் குரோமியத்திலும் மென்மையானது. தேய்த்தவுடன் ஈரத்தைத் துடைத்துவிட்டுத் தையல் மெசின் எண்ணெய் பூசுங்கள்.

எழுத்துள்ள உடலில் மண்ணெண்ணெயும் வேண்டாம், நீரும் வேண்டாம். மென்மையான தூரிகையால் உதிரும் பொருக்கை மட்டும் அகற்றி, தேன்மெழுகை மெல்லியதாகப் பூசினால் போதும். அதையும் முதலில் கண்ணில் படாத ஓர் இடத்தில் பூசிப் பாருங்கள். மெழுகு ஈரத்தைத் தடுக்கும். கறை தெரியும், தெரியட்டும்.

குத்துவிளக்கைத் துலக்குவது போலப் புளியும் உப்பும் போடாதீர்கள். புளியின் அமிலம் கறளோடு நில்லாமல் இரும்பையும் அரிக்கும். எஞ்சும் உப்பு மீண்டும் கறளைக் கொண்டுவரும். துப்புரவாக்கிய மேளத்தைப் பொலித்தீன் பையில் கட்டவும் வேண்டாம், உள்ளே ஈரம் தங்கும். சீமெந்துத் தரையில் வையாமல் பலகையில் வைத்துப் பருத்தித் துணியால் மூடுங்கள்.

கிழிந்த தோலுக்குப் பதிலாகப் புதியதைப் பூட்டலாம். கழற்றிய பழைய பாகங்களை எறியாமல் ஒரு பெட்டியில் இட்டு, எந்த மேளத்தினது என்று எழுதி வையுங்கள். வேலையைத் தொடங்குமுன் ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. மேளம் அடிப்பதற்காகச் செய்யப்பட்டது. அதைத் தொடாமல் மூலையில் வைத்து அழுவது அதற்குச் செய்யும் மரியாதை ஆகாது. இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. பளபளப்பு கடையில் கிடைக்கும். உங்கள் ஊரின் பெயரை எழுதிய அந்தக் கை இனிக் கிடைக்காது.

உங்கள் வீடுகளிலும் பெயர் பொறித்த பெட்டி, இலக்கத் தகடுள்ள பழைய நீரிறைக்கும் இயந்திரம் போன்ற ஏதாவது இருக்கும். துப்புரவாக்குமுன் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பிள்ளைகளைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டுங்கள். ஊரைக் காணாமலே வளர்ந்த பிள்ளைகள் அந்தப் பெயரை முதலில் வாசிக்கட்டும். பிறகு துணியை எடுக்கட்டும்.