சமவெளியில் ஒரு மிதிவண்டிப் பயணம்

ஜுருவில் வாழும் மாணவர் விடுமுறை நாளில் மிதிவண்டியோடு வெளியே கிளம்பினால், அவருக்கு முன்னால் வருபவை பெரும்பாலும் நெடுஞ்சாலையை நோக்கி விரையும் வாகனங்களும் தொழிற்பேட்டைக்குச் செல்லும் லாரிகளுமே. இதனால், "இங்கே மிதிவண்டி ஓட்ட இடமே இல்லை" என்று பலர் முடிவு கட்டிவிடுகின்றனர். அம்முடிவு சரியன்று. செபராங் பிறையின் பெரும்பகுதி சமவெளியாகும். இடம் இருக்கிறது, இல்லாதது திட்டமிடல்தான்.

இதற்குப் பெல்ஜியம் நாட்டின் வடபகுதியான பிளாண்டர்ஸ் நல்ல எடுத்துக்காட்டு. அங்குள்ள மக்கள் வயல்களுக்கிடையிலும் கால்வாய்க் கரைகளிலும் நிதானமாக மிதிவண்டி ஓட்டி மகிழ்கின்றனர். நிலம் தட்டையாக இருப்பது மட்டும் இதற்குக் காரணமன்று. 1995ஆம் ஆண்டில் அங்குள்ள லிம்பர்க் மாநிலத்தில் ஓர் எளிய முறை தொடங்கப்பட்டது. மிதிவண்டிப் பாதைகள் சந்திக்கும் ஒவ்வோர் இடத்திற்கும் ஓர் எண் வழங்கப்பட்டது. அடுத்த எண் எந்தத் திசையில் உள்ளது என்பதை அங்குள்ள பலகை காட்டும். பயணி தாம் கடக்க வேண்டிய எண்களை ஒரு தாளில் வரிசையாக எழுதிக்கொண்டால் போதும், வழி தவறாது. பின்னர், இம்முறை பிளாண்டர்ஸ் முழுவதும் பரவியது. நிலம் இயற்கை தந்தது. பாதையோ மனிதர் திட்டமிட்டு அமைத்தது.

செபராங் பிறையிலும் இத்தகைய பயணத்திற்கு ஏற்ற நிலம் உண்டு. வட செபராங் பிறையில் கெப்பாலா பத்தாஸ், பெனாகா வட்டாரங்களில் நெல் வயல்கள் பரந்து கிடக்கின்றன. அவற்றுக்கு வடக்கே மூடா ஆறு கெடா மாநிலத்தின் எல்லையாக ஓடுகிறது. ஜுருவிலிருந்து பெருஞ்சாலைகளின் வழியே அங்கு மிதித்துச் செல்வது அறிவுடைமை ஆகாது. பெரியவர்களின் துணையோடு மிதிவண்டிகளை வாகனத்தில் ஏற்றிச் சென்று, வயலோரச் சிறு சாலையில் பயணத்தைத் தொடங்கலாம்.

நிதானமான பயணம் என்றால் திட்டமில்லாத பயணம் என்று பொருளாகாது. மணிக்கு 12 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால் 24 கிலோமீட்டரைக் கடக்க 2 மணி நேரம் ஆகும். இளைப்பாறவும் வேடிக்கை பார்க்கவும் மேலும் ஒரு மணி நேரம் ஒதுக்குவது நல்லது. கோடைக்காலத்தில் பிளாண்டர்ஸில் இரவு 9 மணிக்கும் வெளிச்சம் இருக்கும், மாலையிலும் ஓட்டலாம். இங்கோ வெயில் ஏறுவதற்குள் பயணத்தை முடித்துவிட வேண்டும். சமவெளியில் மேடு இல்லாவிட்டாலும் காற்று உண்டு. உடலில் வலு இருக்கும்போதே எதிர்க்காற்றில் சென்று, களைத்துத் திரும்பும்போது காற்றின் துணையைப் பெறுவது அனுபவசாலிகளின் வழக்கம். தலைக்கவசம், போதிய குடிநீர், காற்றடிக்கும் பம்பு ஆகியவையும் தேவை.

விதிமுறைகளையும் முன்கூட்டியே அறிய வேண்டும். பினாங்குப் பாலத்தில் மிதிவண்டி ஓட்ட அனுமதியில்லை. ஆனால், பட்டர்வொர்த்திலிருந்து ஜார்ஜ்டவுனுக்குச் செல்லும் பெர்ரியில் மிதிவண்டியை ஏற்றிச் செல்லலாம். இதை அறியாமல் புறப்படுபவர் பாதி வழியில் திரும்ப நேரிடும்.

பிள்ளைகளைச் சாலைக்கு அனுப்பப் பெற்றோர் அஞ்சுவது நியாயமே. அந்த அச்சத்தை வெறும் வாக்குறுதியால் போக்க முடியாது. எந்தச் சாலை, எத்தனை மணிக்கு, யார் துணை, எங்கே ஓய்வு என்பனவற்றை எழுதிக் காட்டும் பிள்ளையைப் பெற்றோர் எளிதில் நம்புவர். எனினும், முழுப் பொறுப்பையும் மாணவர் மீதும் பெற்றோர் மீதும் சுமத்துவது முறையன்று. வயலோரச் சாலைகள் சந்திக்கும் இடங்களில் எண் பலகைகளை நடுவதற்கு, புதிய சாலை அமைக்கும் அளவுக்குச் செலவாகாது. உள்ளாட்சி மன்றங்கள் இதைக் கருத்தில் கொள்ளலாம். பள்ளிப் புறப்பாட நடவடிக்கையாக மாணவர்களே தங்கள் வட்டாரத்தின் பாதுகாப்பான பாதைகளை வரைபடமாக்கித் தந்தால், அப்பணி மேலும் எளிதாகும்.

மகிழுந்தில் விரைபவருக்கு வயல் ஒரு பச்சைக் கோடாக மட்டுமே தெரியும். மிதிவண்டியில் செல்பவரோ நாற்று நடப்பட்டிருப்பதையும் கதிர் முற்றியிருப்பதையும் வாய்க்காலில் கொக்கு நிற்பதையும் காண்கிறார். தாம் உண்ணும் சோறு விளையும் மண், அருகிலேயே இருந்தும் ஜுரு மாணவருக்கு அந்நியமாக இருக்கக்கூடாது. பதறாத காரியம் சிதறாது என்பர். வரும் விடுமுறைக்கு முன் ஒரு தாளும் எழுதுகோலும் எடுத்து, பயணத்தைத் திட்டமிடத் தொடங்குவதே முதல் மிதி.