சைக்கிளை எடுங்கள்... சென்னைக்குப் போய் வாருங்கள்!

 

ஞாயிற்றுக்கிழமை என்றால் காஞ்சியின் காந்தி ரோடு எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முகூர்த்த மாதம் பிறந்துவிட்டால் காருக்குப் பின்னால் கார். பட்டு எடுக்க வரும் வேன்கள் ஒரு பக்கம், கோயில்களுக்கு வரும் பஸ்கள் மறுபக்கம். இந்த நெரிசலில், அய்யம்பேட்டையிலிருந்து பாவைக் கேரியரில் கட்டிக்கொண்டு சைக்கிளில் வரும் நெசவாளி எங்கே ஒதுங்குவார்? சாக்கடை ஓரத்தில்தான்!

அதே ஞாயிறு விடியற்காலையில் சென்னையில் வேறொரு காட்சி. இருபது பேர், முப்பது பேர், சில நாட்களில் அதற்கும் மேல், ஒன்றாகச் சேர்ந்து சைக்கிளில் நகரை வலம் வருகிறார்கள். ‘வீ ஆர் சென்னை சைக்கிளிங் குரூப்’, ‘சைக்கிளிங் யோகிஸ்’ என்று பல குழுக்கள். சிலர் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் வரை போகிறார்கள். சிலர் பழைய கட்டடங்களின் முன்னால் நின்று, அவற்றின் கதையைக் கேட்டுவிட்டு நகர்கிறார்கள். டாக்டரும் இருப்பார், மெக்கானிக்கும் இருப்பார்.

இதில் நம் பிள்ளைகளும் சேரலாமா? இந்தக் கேள்வியை நம்மிடம் கேட்டவர்கள் இளைஞர்கள் அல்லர். அவர்களுடைய அத்தாமார்கள்!

தயக்கத்தின் காரணம் நமக்குப் புரியாமல் இல்லை. நம் வாலிபர்கள் பத்துப் பேர் ஒன்றாகப் போனால் எவனாவது எதையாவது சொல்லிவிடுவானோ என்ற பயம் நம் வீடுகளில் வெகு நாட்களாகக் குடியிருக்கிறது. அந்தப் பயத்தை எள்ளி நகையாட நாம் தயாராக இல்லை. அனுபவித்தவர்களுக்குத்தான் அதன் வலி தெரியும். ஆனால் பயந்து பயந்து நம் பையன்கள் கடை, வீடு, செல்போன் என்று மூன்று சுவர்களுக்குள் சுருங்கிவிட்டார்களே, அதைக் கவனித்தீர்களா? பக்கத்துத் தெருப் பையனின் பெயர் தெரியாமல் ஒரு தலைமுறை வளர்கிறது. இந்த நட்டத்தை எந்தப் பேரேட்டில் எழுதுவது?

அதனால்தான் சொல்கிறோம், போய்ச் சேருங்கள். ஆனால் ஒன்று. நமக்கென்று தனியாக ஒரு சைக்கிள் சங்கம் தொடங்கி, கொடியும் பேனரும் கட்டிக்கொண்டு போகாதீர்கள். நம்மவர்களுக்கு எதை எடுத்தாலும் சங்கம், சங்கம் என்றால் இரண்டு தலைவர், மறு வருடம் இரண்டு சங்கம்! இது வேண்டவே வேண்டாம். எல்லோரும் போகிற வரிசையில் நீங்களும் ஒருவராகப் போங்கள்.

அந்த வரிசை திருவல்லிக்கேணிக்குள் நுழைகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆற்காடு நவாப் குடும்பத்தார் 1795-ல் எழுப்பிய வாலாஜா பள்ளிவாசலின் முன்னால் எல்லோரும் காலூன்றி நிற்கிறார்கள். பக்கத்தில் நிற்கும் மயிலாப்பூர்க்காரர், “தம்பி, இதைக் கட்டியது யாருப்பா?” என்று கேட்கிறார். நம் பையனுக்குப் பதில் தெரியுமா? 1972-ல் மறைந்த கண்ணியத்திற்குரிய காயிதே மில்லத் அவர்கள் அந்த வளாகத்தில்தான் அடக்கமாகியிருக்கிறார்கள் என்று சொல்லத் தெரியுமா? அதே பெரியவர் அடுத்தபடியாக, “நீ காஞ்சிபுரமா? கைலாசநாதர் கோயிலைப் பற்றிச் சொல்லேன்” என்பார். பல்லவன் ராஜசிம்மன் கட்டியது என்றாவது சொல்ல வேண்டாமா? இரண்டும் தெரிந்த பையனாக அவன் வீடு திரும்பினால், நாம் போடும் பத்துப் பொதுக்கூட்டம் செய்யாததை ஒரு காலைப் பொழுது செய்துவிடும்.

கூட்டாகச் சைக்கிள் ஓட்டுவதால் என்ன மாறிவிடும் என்று கேட்பவர்கள் புதுக்கோட்டையை நினைத்துப் பார்க்கட்டும். 1991-ல் அங்கே ஷீலா ராணி சுங்கத் ஆட்சித் தலைவராக இருந்தபோது, அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சைக்கிளையும் சேர்த்துப் பெண்களுக்குக் கற்றுக் கொடுத்தது. கல்குவாரியில் உழைத்தவர்கள், வயல் கூலிகள், அங்கன்வாடிப் பணியாளர்கள், ஆசிரியைகள் எல்லோரும் ஏறினார்கள். முஸ்லிம் வீட்டுப் பெண்களும் ஏறினார்கள்! ஆரம்பத்தில் ஏச்சும் பேச்சும் இல்லாமலா இருந்தது? ஆனாலும் 1992 மகளிர் தினத்தன்று 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் மணியடித்தபடி புதுக்கோட்டை நகருக்குள் சைக்கிளில் வந்தார்கள். ஒருத்தியாகப் போனால் கேலி செய்யும் தெரு, ஆயிரம் பேராகப் போனால் வழி விடுகிறது. பெண்கள் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்து, ஆண்கள் சைக்கிளையே வாங்கி, முன் கம்பியில் குழந்தையை உட்கார வைத்து ஓட்டினார்களாம். வியாபாரிகள் இதையும் குறித்துக்கொள்ளலாம்!

வெளிநாட்டுக் கதையும் உண்டு. அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோவில் அதே 1992-ல் சில பத்துப் பேர் மாதம் ஒரு வெள்ளி மாலை சேர்ந்து சைக்கிள் ஓட்டத் தொடங்கினார்கள். அந்தப் பழக்கம் பல நாடுகளுக்கும் பரவியது. கொலம்பியாவின் பொகோட்டா நகரில் 1974-லிருந்து ஞாயிறுதோறும் பெரிய சாலைகளில் மோட்டார் வண்டிகளை நிறுத்திவிட்டு மக்களுக்குத் திறந்து விடுகிறார்கள். இன்று அது நூறு கிலோமீட்டருக்கும் அதிகமான சாலை.

நம் ஊர் நிலவரம் என்ன? 2022-ல் மட்டும் தமிழ்நாட்டுச் சாலைகளில் மடிந்தவர்கள் 17,884 பேர். நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் போக்குவரத்து நிதியில் 60 சதவீதத்தை ஒதுக்குவதாகச் சென்னை மாநகராட்சி 2014-லேயே கொள்கை வகுத்தது. கொள்கை காகிதத்தில் இருக்கிறது. சாலையில் கோடு எங்கே? இதைக் கேட்கும் உரிமை ஞாயிறு காலை ஆசைக்கு ஓட்டுகிறவருக்கு இருப்பதைப் போலவே, வயிற்றுப் பாட்டுக்கு ஓட்டுகிற பால்காரருக்கும் நெசவாளிக்கும் உண்டு. ஆனால் அவர்கள் குரல் அதிகாரியின் அறைக்குள் போவதில்லை. லட்ச ரூபாய் சைக்கிள்காரரின் குரல் போகிறது. அந்த வரிசையில் காஞ்சிப் பையன் ஒருவன் இருந்தால்தான், “எங்கள் ஊர் நெசவாளிக்கும் வழி கேளுங்கள்” என்று ஞாபகப்படுத்த ஆள் இருக்கும்.

சைக்கிள் பழசாக இருக்கிறதே என்று வெட்கப்படாதீர்கள். பள்ளிக்கூடத்தில் பதினோராம் வகுப்பில் அரசு கொடுத்த சைக்கிள் பல வீடுகளில் மாடிப்படிக்கு அடியில் துருப்பிடித்துக் கிடக்கிறது. செயின் மாற்றி, டியூபைப் பார்த்து, பிரேக் கட்டை போட்டால் நகருக்குள் மெதுவாகச் சுற்றும் குழுவுக்கு அது போதும். அங்கே ஒழுங்கு உண்டு. முன்னால் வழி தெரிந்தவர், கடைசியில் யாரையும் விட்டுவிடாமல் அழைத்து வருபவர் ஒருவர். பள்ளம் வந்தால் முன்னால் போகிறவர் “குழி!” என்று குரல் கொடுப்பார். சிக்னலை மதிக்க வேண்டும். முந்துவது, வீலிங் செய்வது, அந்த வீரமெல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும். ஹெல்மெட் கட்டாயம். தொப்பி போட்டிருந்தால் அதன் மேலேயே மாட்டிக்கொள்ளுங்கள், யாரும் தடுக்கப் போவதில்லை!

சுபுஹு தொழுகைதான் அடுத்த கேள்வியாக வரும். பெரும்பாலும் விடியும் நேரத்தில் புறப்படுகிறார்கள். புறப்படும் இடத்துக்கு அருகில் பள்ளிவாசல் எங்கே என்று முதல் நாளே விசாரித்து, தொழுதுவிட்டுச் சேர்ந்துகொள்ளுங்கள். தாமதமானால், எங்கே வந்து சேர்ந்துகொள்ளலாம் என்று குழுவில் கேட்டு வைத்துக்கொண்டால் முடிந்தது.

வணிகப் பெருமக்களே, இனி உங்கள் பங்கு. ஞாயிறு உங்களுக்குக் கல்லா நிறையும் நாள். கடைப் பையனை விட மனம் வராது, தெரியும். காஞ்சியிலிருந்து சென்னை சுமார் 75 கிலோமீட்டர். சனிக்கிழமை மாலை சரக்கோடு போகும் உங்கள் டாடா ஏஸ் வண்டியின் ஓரத்தில் நான்கு சைக்கிளை நிற்க வையுங்கள். ஞாயிறு காலை ஒன்பது மணிக்குள் சுற்று முடிந்துவிடும். பையன்கள் பஸ் ஏறிப் பகலுக்குள் கடையில் இருப்பார்கள். சைக்கிள்கள் வண்டி திரும்பும்போது வரட்டும். மாதத்தில் ஒரு ஞாயிறு, இரண்டு மணி நேரம் நீங்களே கல்லாவிலும் நின்று, சேலையும் பிரித்துக் காட்டுங்கள். முன்பெல்லாம் அப்படித்தானே செய்தீர்கள்?