யந்திரம் வந்தது, ஆசான் எங்கே?

தொழிற்பயிற்சி நிலையங்களுக்குப் பணம் வருகிறது. பெரும் பணம் வருகிறது. 2022-ம் ஆண்டில் தமிழக அரசாங்கம் டாட்டா டெக்னாலஜீஸ் கம்பெனியோடு ஒப்பந்தம் செய்துகொண்டது. 71 அரசினர் தொழிற்பயிற்சி நிலையங்களை 2,877 கோடி ரூபாய்த் திட்டத்தில் நவீன தொழில்நுட்ப மையங்களாக மாற்றும் வேலையைத் தொடங்கியது. ரோபோ கரங்களும், கம்ப்யூட்டரால் இயங்கும் கடைசல் யந்திரங்களும் பட்டறைகளில் வந்து இறங்கின. 2025 மே மாதத்தில் மத்திய மந்திரி சபை, நாடு முழுவதும் 1,000 அரசினர் நிலையங்களைப் புதுப்பிக்க 60,000 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றை ஏற்றது. அதே ஆண்டு அக்டோபரில் ‘பி.எம். சேது’ என்ற பெயரில் பிரதமர் அதைத் தொடங்கி வைத்தார்.

யந்திரங்கள் வருவதை நாம் எதிர்க்கவில்லை, வரவேற்கிறோம். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொள்ளும் விவசாயக் கூலியின் மகனும், தீப்பெட்டித் தொழிலாளியின் மகளும் போய்ச் சேரும் இடம் ஐ.டி.ஐ. தான். பணக்கார வீட்டுப் பிள்ளைகளுக்குப் புது யந்திரம், ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்குத் துருப்பிடித்த லேத் என்று இருக்க வேண்டியதில்லை.

ஆனால், யந்திரம் தானாகப் பாடம் சொல்லாது. அதன் பக்கத்தில் நின்று சொல்லித்தர ஒரு மனிதர் வேண்டும். அந்த மனிதர் யார்? அவரை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள்? என்ன சம்பளம் தருகிறார்கள்? அடுத்த வருஷம் அவர் அங்கே இருப்பாரா? இந்த நான்கு கேள்விகளுக்கும் ஆட்சியாளர்கள் நேராகப் பதில் சொல்வதில்லை. திறப்பு விழாவில் யந்திரத்துக்கு மாலை போடுகிறார்கள். அதை இயக்கக் கற்றுத்தருபவரின் பதவி காலியாகக் கிடப்பதைப் பற்றி மேடையில் யாரும் மூச்சு விடுவதில்லை.

கண்ணும் கையும் கற்கும் கல்வி

தொழிற்கல்வி ஆசிரியரின் வேலை என்ன என்பதை அறியாதவர்கள், “புத்தகம் இருக்கிறது, வீடியோ இருக்கிறது, ஆசிரியர் எதற்கு?” என்று கேட்கிறார்கள். ஃபிட்டர் பிரிவில் சேரும் மாணவன் முதலில் கற்பது அரம் போடுவது. இரும்புத் துண்டின் ஒரு முகத்தைச் சமமாக ராவி, அடுத்த முகத்தை அதற்குச் செங்கோணமாகக் கொண்டுவர வேண்டும். பார்ப்பதற்குச் சுலபமாக இருக்கும். ஆனால் பழகாத கை அரத்தை முன்னும் பின்னும் ஆட்டிவிடும். நடுப்பகுதி மேடாகி, ஓரங்கள் சரிந்துவிடும். மட்டப்பலகையை வைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால்தான் குற்றம் தெரியும். நிற்கும் நிலை எது, எந்தக் கை அழுத்த வேண்டும், எந்தக் கை வழிகாட்ட வேண்டும் என்பதை ஆசிரியர் மாணவனின் தோளைப் பிடித்துத்தான் திருத்த முடியும்.

வெல்டிங்கும் அப்படித்தான். தீப்பொறி எழும் இடத்துக்கும் கம்பியின் நுனிக்கும் உள்ள இடைவெளி சற்றுக் கூடினாலும் குறைந்தாலும் பற்று பலவீனமாகிவிடும். அனுபவமுள்ள ஆசிரியர் அதன் சத்தத்தைக் கேட்டே, “கையை இறக்கு” என்று சொல்லிவிடுவார். மின்சாரப் பிரிவிலோ, பாடம் தப்பினால் மதிப்பெண் மட்டும் போவதில்லை, உயிரே போகும். ஆகவேதான் ஒரு பிரிவில் 20 பேர் அளவுக்கே மாணவர்களைச் சேர்க்க வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். ஆசிரியர் இல்லை என்று இரண்டு பிரிவுகளை ஒருவர் தலையில் கட்டினால் அந்த விதிக்கு என்ன பொருள்?

ஆசிரியருக்கான தகுதியையும் விதி தெளிவாகவே சொல்கிறது. பட்டம், டிப்ளமோ அல்லது தொழிற் சான்றிதழ் வேண்டும். அதோடு தொழிலில் வேலை செய்த அனுபவம் வேண்டும். பட்டதாரிக்கு ஒரு வருஷம், டிப்ளமோ பெற்றவருக்கு இரண்டு வருஷம், தொழிற் சான்றிதழ் பெற்றவருக்கு மூன்று வருஷம். இவற்றின் மேல், கற்பிக்கும் முறையைச் சொல்லித்தரும் ஓராண்டு ஆசிரியர் பயிற்சியும் உண்டு. இது நல்ல விதி. படிப்பை மட்டும் பார்க்காமல் உழைப்பாளியின் கைத்திறனையும் தகுதியாக மதிக்கும் விதி. ஆனால் இத்தனை தகுதிகளையும் சேர்த்துக்கொண்டு வருபவரிடம், “ஒப்பந்தத்துக்கு வா, தொகுப்பூதியம் வாங்கிக்கொள்” என்று சொன்னால் அவர் ஏன் வருவார்? தொழிற்சாலையிலேயே இருந்துவிடுவார், இல்லையென்றால் வளைகுடா நாட்டுக்கு விமானம் ஏறுவார்.

நான்கு ஆண்டுகளை விழுங்கிய மோசடி

நிரந்தர நியமனம் நடந்த இடத்திலாவது நேர்மை இருந்ததா? தமிழக மக்கள் மறக்கக்கூடாத ஓர் உதாரணம் உண்டு.

அரசினர் பாலிடெக்னிக் கல்லூரிகளில் 1,058 விரிவுரையாளர் பதவிகளுக்கு ஆசிரியர் தேர்வு வாரியம் 2017 செப்டம்பர் 16-ல் எழுத்துத் தேர்வு நடத்தியது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பட்டதாரிகள் எழுதினார்கள். விடைத்தாள் மதிப்பெண்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலை தனியார் கையில் இருந்தது. 196 பேருடைய மதிப்பெண்கள் கூட்டி எழுதப்பட்டிருந்தது அம்பலமாயிற்று. போலீஸ் வழக்கு வந்தது, கைதுகள் நடந்தன. 2018 பிப்ரவரியில் தேர்வு முழுவதும் ரத்து செய்யப்பட்டது. மறு தேர்வுக்கு 2019-ல் அறிவிப்பு வந்தது. தேர்வு நடந்ததோ 2021 டிசம்பரில்!

முதல் தேர்வுக்கும் மறு தேர்வுக்கும் இடையே நான்கு ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. பாலிடெக்னிக் டிப்ளமோப் படிப்பு மூன்று ஆண்டுகள். அதாவது, 2017-ல் உள்ளே நுழைந்த ஒரு மாணவர் தலைமுறை, தனக்கு வரவேண்டிய ஆசிரியர்களைக் காணாமலேயே படித்து முடித்து வெளியேறிவிட்டது. நேர்மையாக எழுதிய பட்டதாரிகள் வயதையும் வாய்ப்பையும் இழந்தார்கள். லஞ்சம் கொடுக்க வசதியில்லாத வீட்டுப் பிள்ளைக்கே இதில் இரட்டை அடி: ஆசிரியராகப் போகவும் வழியில்லை, மாணவனாகக் கற்கவும் வழியில்லை.

இதிலிருந்து ஆட்சியாளர்கள் கற்க வேண்டிய பாடம் என்ன? தேர்வு முறையின் இதயத்தைத் தனியார் காண்டிராக்டரிடம் ஒப்படைக்கக் கூடாது என்பதுதான். ஆனால் சிலர் கற்ற பாடமோ தலைகீழானது: “நிரந்தர நியமனமே தலைவலி, தற்காலிக ஆட்களை வைத்துக் காலம் தள்ளிவிடலாம்!”

தற்காலிகம் என்னும் நிரந்தரச் சுரண்டல்

தற்காலிகம் என்றால் எத்தனை நாள்? தமிழகப் பள்ளிகளைப் பாருங்கள். 2012-ல் 16,500-க்கும் மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர்களை அரசாங்கம் நியமித்தது. ஓவியம், உடற்கல்வியோடு தையல், கம்ப்யூட்டர், தோட்டக்கலை, கட்டிடக்கலை போன்ற தொழிற்கல்விப் பாடங்களைச் சொல்லித்தர வந்தவர்கள் இவர்கள். மாதச் சம்பளம் 5,000 ரூபாய். அது 12,500 ரூபாயாக உயர்வதற்கு 2024 ஆகிவிட்டது. இடையில் 2021 சட்டமன்றத் தேர்தலில் பணி நிரந்தரம் செய்வோம் என்று தி.மு.க. வாக்குறுதி கொடுத்தது. அதை நிறைவேற்றக் கோரி அந்த ஆசிரியர்கள் சென்னைத் தெருவில் திரும்பத் திரும்ப உட்கார வேண்டியிருந்தது. 12 ஆண்டுகள் நீடித்த வேலைக்குத் ‘தற்காலிகம்’ என்று பெயர் வைக்க ஓர் அரசாங்கத்துக்கு எப்படி மனம் வருகிறது?

குஜராத்தில் நடந்ததும் இதுவே. அங்கே அரசினர் எஞ்ஜினீயரிங் கல்லூரிகளில் ஒப்பந்த உதவிப் பேராசிரியர்களுக்கு மாதம் 30,000 ரூபாய். அதே வகுப்பில் அதே பாடத்தை நடத்தும் நிரந்தர உதவிப் பேராசிரியருக்கு 1,36,000 ரூபாய்க்கு மேல். 2025 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட் இந்த அநீதியைக் கண்டித்து, ஒப்பந்த ஆசிரியர்களுக்கும் அந்தப் பதவிக்குரிய குறைந்தபட்சச் சம்பள விகிதம் தரவேண்டும் என்று உத்தரவிட்டது. சம வேலைக்குச் சம ஊதியம் தற்காலிக ஊழியருக்கும் உண்டு என்று அதே கோர்ட் 2016-லேயே பஞ்சாப் வழக்கில் சொல்லிவிட்டது. 2024 டிசம்பரில், நிரந்தரத் தன்மையுள்ள வேலையை ஆண்டுக்கணக்கில் செய்தவர்களைத் தற்காலிகம் என்று சொல்லிக் கழித்துவிட முடியாது என்றும் தீர்ப்பளித்தது. தீர்ப்புகள் வந்துவிட்டன. ஆனால் ஒவ்வொரு ஊழியரும் வக்கீலைப் பிடித்து டெல்லிவரை போனால்தான் நியாயம் என்றால், அது நியாயமாகாது. அரசாங்கமே முன்வந்து அமல் நடத்த வேண்டும்.

இன்னொரு ஆபத்தும் இதில் மறைந்திருக்கிறது. நிரந்தர நியமனத்தில் இட ஒதுக்கீட்டு முறை உண்டு. தாழ்த்தப்பட்ட, பிற்பட்ட மக்களின் பிள்ளைகள் ஆசிரியர் நாற்காலியில் உட்காருவது அதனால்தான். ஏஜென்சி மூலம் ஆள் பிடிக்கும்போது இந்தச் சமூக நீதி பின்வாசல் வழியே வெளியே தள்ளப்படுகிறது. மேடையில் 69 சதவிகிதத்தைப் பற்றி முழங்கிவிட்டு, நியமனத்தை ஏஜென்சியிடம் விட்டுவிடுவது எந்த வகை நேர்மை?

அவர்கள் சொல்லும் சமாதானங்கள்

“தொழில்நுட்பம் ஆண்டுதோறும் மாறுகிறது, நிரந்தர ஆசிரியர் பழசாகிவிடுவார்” என்கிறார்கள். மாறுகிறது, உண்மை. அதற்கு மருந்து, ஆசிரியரை மாற்றிக்கொண்டே இருப்பதல்ல. ஆசிரியரைப் படிக்க வைப்பது. மூன்று, நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை முழுச் சம்பளத்தோடு தொழிற்சாலைக்கு அனுப்புங்கள். புது யந்திரத்தில் வேலை செய்துவிட்டு வரட்டும். அடுத்த மாதம் வேலை இருக்குமா என்று தெரியாத ஒப்பந்த ஆசிரியர் எந்த நம்பிக்கையில் புதிதாகக் கற்பார்?

பி.எம். சேது திட்டத்தில் 50,000 ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளிக்கப் போவதாக மத்திய அரசாங்கம் சொல்கிறது. ஆசிரியர்களுக்கான சென்னைத் தேசியப் பயிற்சி நிலையம் உட்பட ஐந்து நிலையங்கள் அதற்காக மேம்படுத்தப்படுமாம். நல்லது. ஆனால் காலி நாற்காலிக்குப் பயிற்சி கொடுக்க முடியாது. முதலில் ஆளை நியமியுங்கள்; பிறகு பயிற்சி கொடுங்கள்.

“பணம் இல்லை” என்பது அடுத்த சமாதானம். 60,000 கோடிக்கு வழி இருக்கிறது. சம்பளத்துக்கு மட்டும் வழி இல்லையா? அந்தத் தொகையின் கணக்கையும் பார்ப்போம். மத்திய அரசாங்கத்தின் பங்கு 30,000 கோடி. மாநிலங்களின் பங்கு 20,000 கோடி. தொழில் அதிபர்களின் பங்கு 10,000 கோடி. ஆறில் ஒரு பங்கு போடுபவர்களின் தலைமையில் நிலையங்களை நிர்வகிப்பதற்கு ஏற்பாடு. மக்கள் வரிப்பணம் ஆறில் ஐந்து பங்கு, கடிவாளம் முதலாளி கையில்! தங்கள் தொழிற்சாலைக்கு வேண்டிய குறுகிய வேலையை மட்டும் கற்ற, எதிர்த்துப் பேசாத மலிவான கைகள் அவர்களுக்கு வேண்டும். நமக்கு வேண்டியதோ, தொழிலை அடிப்படையோடு கற்று, எந்தத் தொழிற்சாலையிலும் தலை நிமிர்ந்து நிற்கக்கூடிய தொழிலாளி. இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்பவர் ஆசிரியர். அவரைப் பாதுகாப்பற்றவராக வைத்திருப்பது முதலாளிக்கு லாபம். தொழிலாளி வர்க்கத்துக்கு நஷ்டம்.

நாடு கண்ட வேறு வழி

இந்த நாட்டுக்கு வேறு வழி தெரியாமல் இல்லை. 1950-ல் மத்திய அரசாங்கம் கைவினைஞர் பயிற்சித் திட்டத்தைத் தொடங்கியபோது சுமார் 50 நிலையங்களே இருந்தன. 1956-ல் அவற்றின் நிர்வாகம் மாநிலங்களின் கைக்கு வந்தது. தொழிற்சாலைகள் பயிற்சியாளர்களை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று 1961-ல் சட்டம் வந்தது. அதே காலத்தில் சோவியத் உதவியோடு பிலாய் உருக்காலையும், நெய்வேலி அனல்மின் நிலையமும், பம்பாய்த் தொழில்நுட்பக் கழகமும் எழுந்தன. செக்கோஸ்லோவாகியாவின் ஒத்துழைப்போடு திருச்சியில் பாய்லர் தொழிற்சாலை எழுந்தது. யந்திரத்தைக் கப்பலில் ஏற்றி அனுப்பியதோடு அந்த நாடுகள் நிற்கவில்லை; கற்றுத்தரும் நிபுணர்களையும் அனுப்பின. அவர்களிடம் கற்ற நம்மவர்கள் அடுத்த தலைமுறைக்கு ஆசான்களானார்கள். திருச்சி வெல்டர் என்றால் இன்றும் ஒரு மதிப்பு இருக்கிறதே, அது இப்படி வந்த மதிப்பு. பொதுத்துறையும் நிலையான வேலையும் சேர்ந்து அதை வளர்த்தன.

இன்று நாட்டில் சுமார் 15,000 ஐ.டி.ஐ.க்கள். அவற்றில் ஐந்தில் நான்கு தனியார் கையில். எண்ணிக்கை பெருகியது, ஆசானின் மரியாதை பெருகவில்லை.

நமது கோரிக்கைகள்

ஆகவே நாம் பின்வருவனவற்றை உடனே நிறைவேற்றும்படி மாநில, மத்திய அரசாங்கங்களை வற்புறுத்துகிறோம்:

ஒவ்வோர் அரசினர் ஐ.டி.ஐ.யிலும் பாலிடெக்னிக்கிலும் அனுமதிக்கப்பட்ட பதவிகள் எத்தனை, காலியிடங்கள் எத்தனை, ஒப்பந்தத்தில் இருப்போர் எத்தனை என்பதை நிலையவாரியாகப் பகிரங்கப்படுத்த வேண்டும்.

காலியிடங்களை இட ஒதுக்கீட்டு முறைப்படி நிரந்தரமாக நிரப்ப வேண்டும். எழுத்துத் தேர்வோடு, பட்டறையில் செய்முறைத் தேர்வும் வேண்டும். தொழிற்சாலையில் உழைத்த அனுபவத்துக்கு உரிய மதிப்பெண் வேண்டும். விடைத்தாள் வேலை எதையும் தனியாரிடம் விடக்கூடாது.

ஆண்டுக்கணக்கில் பணிபுரிந்துவரும் ஒப்பந்த, பகுதிநேர ஆசிரியர்களை நிரந்தரமாக்க வேண்டும். அதுவரை குறைந்தபட்சச் சம்பள விகிதத்தை மறுக்கக்கூடாது.

புதிய யந்திரங்களுக்கான ஒப்பந்தம் எதுவானாலும், கம்பெனியின் ஆட்கள் வெளியேறுமுன் நமது ஆசிரியர்களுக்கு அவற்றை இயக்கவும் பழுது பார்க்கவும் கற்றுத்தந்தாக வேண்டும் என்ற நிபந்தனை இருக்க வேண்டும்.

தனியார் நிலையங்களில் தகுதியுள்ள ஆசிரியர் இருக்கிறாரா, அவருக்குச் சம்பளம் பாங்கி மூலம் போகிறதா என்று பார்த்த பிறகே அங்கீகாரத்தைப் புதுப்பிக்க வேண்டும்.

இது ஆசிரியர்களின் பிரச்னை மட்டுமல்ல. ஒவ்வொரு தொழிற்சங்கமும் இதைத் தன் பிரச்னையாக எடுத்துக்கொள்ள வேண்டும். அரைகுறையாகக் கற்று ஆலைக்குள் நுழையும் இளைஞன்தான் முதல் விபத்தில் விரலை இழப்பவன். குறைந்த கூலிக்குத் தலையாட்ட வேண்டியிருப்பவனும் அவனே. மாணவர் சங்கங்களும் வாலிபர் சங்கங்களும் தங்கள் ஊர் ஐ.டி.ஐ.க்குள் சென்று ஒரே ஒரு கேள்வி கேட்கட்டும்: “இந்த யந்திரத்தைக் கற்றுத்தர ஆள் எங்கே?”

பதில் வரும்வரை கேட்போம். பதவிகள் நிரம்பும்வரை போராடுவோம்.