எட்டுச் சிலிண்டரா, மின்கலமா?

அமெரிக்காவின் ஹூஸ்ரன் நகரில் வசிக்கும் என் பெறாமகன் அண்மையில் தொலைபேசியில் அழைத்தான். "பெரியப்பா, பழைய பிக்கப்பைக் குடுத்திட்டுப் புதுசு ஒண்டு எடுக்கப்போறன். நல்லாய் இழுக்கிறதாய் வேணும். வி-8 எடுக்கவோ, கரண்டில ஓடுறது எடுக்கவோ?" என்று கேட்டான். வாழ்நாளின் பெரும்பகுதியைப் பத்திரிகைக் காரியாலயத்தில் கழித்த ஒருவனிடம் கேட்கத்தக்க கேள்வியன்று இது. ஆயினும் கேட்டுவிட்டானே என்பதற்காகச் சில நாட்கள் வாசித்தேன். வாசிக்க வாசிக்க, இது எஞ்சினைப் பற்றிய கேள்விதானா என்ற ஐயமே எனக்குள் வலுத்தது.

பிக்கப் என்பது அமெரிக்காவில் கமக்காரனின் வண்டியாகத் தொடங்கியது. அதற்குப் பந்தய வேகம் எதற்கு? இதற்கான விடையின் ஒரு பகுதி சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. எழுபதுகளில் புகைக் கட்டுப்பாட்டு விதிகள் கார்களின் குரல்வளையை நெரித்தபோது, குறிப்பிட்ட எடைக்கு மேற்பட்ட பாரவண்டிகள் அவ்விதிகள் சிலவற்றிலிருந்து தப்பின. 1978 இல் டொட்ஜ் நிறுவனம் அந்தப் பொட்டுக்குள்ளால் நுழைந்து, 'லில் ரெட் எக்ஸ்பிரஸ்' என்ற சிவப்பு நிறப் பிக்கப்பை வெளியிட்டது. அவ்வாண்டு அமெரிக்கத் தயாரிப்புகளுள் மணிக்கு 100 மைல் வேகத்தை மிக விரைவாக எட்டியது இந்தப் பாரவண்டிதான் என்று மோட்டார் சஞ்சிகை ஒன்று எழுதியது. வேகப் பிக்கப்பின் வரலாற்றில் சட்டம் அன்று நுழைந்தது. இன்றுவரை அது வெளியேறவில்லை.

அதன் பின்னர் வந்தவற்றை விரைவாகச் சொல்லிவிடலாம். 1991 இல் ஜி.எம்.சி. சைக்ளோன் டர்போ பூட்டிய ஆறு சிலிண்டருடன் வந்தது. 1993 இல் ஃபோர்ட்டின் முதல் 'லைட்னிங்' வந்தது. 2004 இல் டொட்ஜ் வைப்பர் காரின் 8.3 லீற்றர் வி-10 எஞ்சினைத் தூக்கிப் பிக்கப்புக்குள் வைத்தார்கள், 500 குதிரைவலு. 2021 மாதிரி ஆண்டின் றாம் ரி.ஆர்.எக்ஸ் 702 குதிரைவலுவைத் தொட்டது. அது லீற்றருக்குச் சுமார் ஐந்து கிலோமீற்றர் ஓடும். டீசலைப் பற்றி இங்கு அதிகம் பேசவேண்டியதில்லை; அது இழுவைக்கு உரியது, ஓட்டத்துக்கு அன்று.

பின்னர் மின்சாரம் வந்தது. வேகம் ஒன்றுதான் அளவுகோல் என்றால் வழக்கு அத்துடன் முடிந்துவிட்டது. 2021 செப்ரெம்பரில் உற்பத்தியைத் தொடங்கிய ரிவியன் ஆர்-1-ரி, சக்கரத்துக்கு ஒன்றாக நான்கு மோட்டார்களையும் 835 குதிரைவலுவையும் கொண்டிருந்தது. 2023 இறுதியில் வாடிக்கையாளருக்குக் கையளிக்கப்பட்ட ரெஸ்லா சைபர் ட்ரக்கின் உச்ச வகை 845 குதிரைவலு கொண்டது. எஞ்சின் சுழன்று வேகம் பிடித்த பின்னரே முழு வலுவையும் தரும். மின்மோட்டாரோ நின்ற நிலையிலேயே முழு முறுக்குவிசையையும் தந்துவிடும். எத்தனை சிலிண்டர் பூட்டினாலும் பெற்றோலினால் இதற்கு ஈடுகொடுப்பது கடினம்.

ஆனால் பின்னால் ஒரு ட்ரெயிலரைக் கொழுவியவுடன் கதை மாறுகிறது. ஃபோர்ட் எஃப்-150 லைட்னிங் என்ற மின் பிக்கப்பின் பெரிய மின்கலம் 131 கிலோவாற் மணி கொள்ளளவு உடையது. கேட்பதற்குப் பெரிய தொகைதான். ஆனால் அது ஏறத்தாழ 15 லீற்றர் பெற்றோலில் அடங்கும் சக்திக்கே சமம். அதே பிக்கப்பின் பெற்றோல் வகைக்கு 136 லீற்றர் கொள்ளும் தாங்கியைப் பூட்டிக்கொள்ள முடியும். வெறும் வண்டியாக 320 மைல் ஓடும் என மதிப்பிடப்பட்ட லைட்னிங், உயரமான ட்ரெயிலரை இழுத்த பரிசோதனைகளில் 100 மைல் அளவிலேயே களைத்துப் போனது. பெற்றோல் வண்டியும் இழுக்கும்போது இரட்டிப்பாகக் குடிக்கும். ஆயினும் ஐந்து நிமிடத்தில் நிரப்பிக்கொண்டு புறப்பட்டுவிடலாம். மின்னேற்றும் நிலையங்கள் பலவற்றில் ட்ரெயிலரைக் கழற்றி ஓரத்தில் விட்டுவிட்டுத்தான் வண்டியை உள்ளே கொண்டுசெல்ல வேண்டும்.

ஆகவே வாங்குவோர் வி-8 ஐ விரும்புவதற்கு இழுவைதான் காரணம் என்று நினைத்தேன். அதுவும் சரியன்று. றாம் நிறுவனம் 2025 மாதிரி ஆண்டில் ஹெமி வி-8 ஐக் கைவிட்டு, இரட்டை டர்போ பூட்டிய மூன்று லீற்றர் ஆறு சிலிண்டர் எஞ்சினைக் கொண்டுவந்தது. புதிய எஞ்சினின் சாதாரண வகை 420 குதிரைவலு. பழைய ஹெமி 395. இருந்தும் வாடிக்கையாளர் முணுமுணுத்தனர். 2025 ஜூனில், தாம் பிழைவிட்டதாக ஒப்புக்கொண்டு, ஹெமியை மீண்டும் தருவதாக நிறுவனம் அறிவித்தது. அதுவும் சும்மா அன்று, ஆறு சிலிண்டரைவிட 1,200 டொலர் மேலதிக விலைக்கு. குறைந்த வலுவுக்குக் கூடிய காசு! எதற்காக? சத்தத்துக்காக. ஃபோர்ட்டின் ராப்டரும் 2017 இல் வி-6 க்கு மாறி, அதன் தொனி பிடிக்கவில்லை என்ற குறைகளைக் கேட்டுக் கேட்டு, 2023 இல் 700 குதிரைவலு வி-8 உடன் 'ராப்டர் ஆர்' ஆக மறுபிறவி எடுத்தது.

இந்த ஆசையை நான் ஏளனம் செய்யவில்லை. அச்சு இயந்திரம் ஓடத் தொடங்கும்போது காரியாலயத்தின் தரை அதிரும்; அந்த அதிர்வு காலில் ஏறாத இரவில் எனக்கு உறக்கம் வந்ததில்லை. ஆனால் ஓசைக்கான ஆசையை 'தேவை' என்று பெயரிட்டு அழைப்பதைத்தான் ஏற்க முடியவில்லை.

இடையில் சட்டம் மீண்டும் நுழைந்தது. 2025 ஜூலையில் நிறைவேறிய சட்டம், எரிபொருள் சிக்கன விதியை மீறும் நிறுவனங்களுக்கான அபராதத்தைப் பூச்சியமாக்கியது. மின்வாகனம் வாங்குவோருக்கான 7,500 டொலர் வரிச்சலுகை செப்ரெம்பர் 30 உடன் முடிவுக்கு வந்தது. டிசம்பரில் ஃபோர்ட், முற்றிலும் மின்சாரத்தில் ஓடும் லைட்னிங்கின் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. 2021 இல் 40,000 டொலருக்குச் சற்றுக் குறைவான தொடக்க விலையுடன் ஆரவாரமாக அறிமுகமான வண்டி அது. 2023 தொடக்கத்தில் அதன் மலிவான வகையே 60,000 டொலரை நெருங்கியிருந்தது. மின்சாரம் தோற்றது என்று சிலர் கைதட்டுகின்றனர். விலையும் சட்டமும் தோற்கடித்ததைத் தொழில்நுட்பத்தின் தோல்வியாக எழுதுவது நேர்மையான செய்தியன்று.

மின்சாரத்தின் பக்கத்தாரிடமும் எனக்குக் கோபம் உண்டு. 1,000 குதிரைவலு கொண்ட மின் ஹம்மரின் எடை 4,000 கிலோவுக்கு மேல். அதன் மின்கலம் மட்டும் சுமார் 1,300 கிலோ, அதாவது ஒரு சிறிய காரின் எடை. அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபையின் தலைவர் ஜெனிபர் ஹோமண்டி 2023 ஜனவரியில் இதே வண்டியை உதாரணம் காட்டி, வீதியில் செல்லும் ஏனையோரின் உயிர் குறித்து எச்சரித்தார். இன்னொன்றையும் கவனியுங்கள். வி-8 எஞ்சினை மூடுவதற்காக உயர்த்தப்பட்ட முன்மூடி, எஞ்சினே இல்லாத லைட்னிங்கிலும் அதே உயரத்தில் நின்றது. உள்ளே இருந்தது பயணப் பெட்டி வைக்கும் வெற்றிடம்! முன்மூடி 40 அங்குலத்துக்கு மேல் உயர்ந்த வாகனங்கள் பாதசாரியை மோதினால், தாழ்ந்து சரிந்த முகப்புடைய கார்களைவிட மரணம் நேரும் வாய்ப்பு ஏறத்தாழ 45 சதவீதம் அதிகம் என, காப்புறுதி நிறுவனங்களின் வீதிப் பாதுகாப்பு ஆய்வகம் 2023 இல் கண்டறிந்தது. எஞ்சினை மாற்றியவர்கள் முகத்தை ஏன் மாற்றவில்லை?

நடுவழி ஒன்று உண்டு. மின்மோட்டாரே சக்கரங்களைச் சுழற்றும். சிறிய பெற்றோல் எஞ்சின் ஒன்று மின்பிறப்பாக்கியை மட்டும் இயக்கி மின்கலத்தை நிரப்பும். அடுத்த லைட்னிங் இந்த வகையினது என ஃபோர்ட் கூறியுள்ளது. றாமும் இதையே திட்டமிட்டுள்ளது. உண்மையிலேயே பாரம் இழுப்பவனுக்கு இதுவே உகந்தது என்பது என் எண்ணம். வீட்டில் மின்னேற்றச் சோம்பல்படுபவனிடம் அதுவும் வெறும் பெற்றோல் வண்டிதான்.

பெறாமகனைத் திரும்ப அழைத்தேன். "போன வருசம் எத்தனை தரம் ட்ரெயிலர் இழுத்தனீ?" என்று கேட்டேன். யோசித்துப் பார்த்து, படகைக் கல்வெஸ்ரனுக்குக் கொண்டுபோனது ஏழு தரம் என்றான். ஒரு வழிப் பயணம் 80 கிலோமீற்றர் அளவு. மற்ற நாட்களில் வேலைக்கும், மகளின் பள்ளிக்கூடத்துக்கும். அப்படியானால் உனக்கு மின்சாரமே போதும், படகுக்கு வேண்டுமானால் அந்த ஏழு நாளும் ஒரு வண்டியை வாடகைக்கு எடு என்றேன். எதை எடுத்தாலும், வாங்குமுன் மகளை அதன் முன்னால் நிற்க வைத்து, சாரதி ஆசனத்தில் இருந்து அவளின் தலை தெரிகிறதா என்று பார் என்றும் சொன்னேன்.

சற்று நேரம் பேசாமல் இருந்தான். "பாக்கிறன் பெரியப்பா. ஆனா அந்த வி-8 இன்ர சத்தம் இருக்கல்லோ..." என்றான்.