பெட்டிக்குக் கறுப்பு அடித்த புண்ணியவானுக்கு

வால்நட் மரத்துக்குக் கறுப்பு பெயின்ட் அடித்த அந்தப் புண்ணியவான் யார் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் இந்த வாரம் பத்திக்குப் பதில் வக்கீல் நோட்டீஸ்தான் எழுதியிருப்பேன்.

விஷயம் இதுதான். ஞாயிற்றுக்கிழமை அண்ணா நகரில் ஒரு நண்பர் வீட்டு மாடியில் பழைய ஸ்பீக்கர் பிரியர்கள் கூடினோம். இந்தக் கோஷ்டியைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன். 'காது இருக்கிறது, வேலைவெட்டி இல்லை' என்று ஒரு வாசகி எங்களுக்குப் பட்டம் கொடுத்ததும் சிலருக்கு ஞாபகம் இருக்கும். இந்தத் தடவை இரண்டு ஜோடிகளை மோதவிடுவதாக ஏற்பாடு. ஒன்று ஏஆர்-3ஏ. பாஸ்டனை ஒட்டிய கேம்பிரிட்ஜில் 1967-இல் வெளிவந்த மாடல். மற்றது 1970-இல் வந்த ஜேபிஎல் எல்100, கலிபோர்னியாக்காரர். இரண்டிலும் பன்னிரண்டு அங்குல வூஃபர். அந்தக் காலத்தில் அமெரிக்க ஆடியோ உலகம் கிழக்குக் கரைச் சத்தம், மேற்குக் கரைச் சத்தம் என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போட்டபோது, இந்த இரண்டு பெட்டிகளும்தான் கட்சிக்கொடிகள்.

ஏஆர் என் கட்சி. மறைக்கவில்லை. 1954-இல் எட்கர் வில்சர் என்பவர் ஹென்றி க்ளாஸ் என்ற இளைஞரைச் சேர்த்துக்கொண்டு தொடங்கிய கம்பெனி அது. அதற்கு முன் அடிநாதம் கேட்க வேண்டும் என்றால் பீரோ அளவுப் பெட்டி வேண்டும். வில்சர் பெட்டியைக் காற்றுப் புகாமல் மூடினார். வூஃபர் கூம்பைப் பிடித்திருக்கும் விளிம்பைத் தளர்த்தி, உள்ளே அடைபட்ட காற்றையே ஸ்பிரிங்காக வேலை வாங்கினார். பெட்டி புத்தக அலமாரியில் ஏறும் அளவுக்குச் சுருங்கியது, பேஸ் சுருங்கவில்லை. க்ளாஸ் 1957-இல் பிரிந்துபோய் இன்னும் இரண்டு பேரோடு கேஎல்எச் ஆரம்பித்தார். அந்தப் பெயரில் கடைசி எழுத்துக்குச் சொந்தக்காரர் ஆன்டன் ஹாஃப்மன், புகழ்பெற்ற பியானோ வித்வான் யோசெஃப் ஹாஃப்மனின் பிள்ளை. ஆழமான பேஸ், சின்னப் பெட்டி, குறைந்த கரன்டில் நிறையச் சத்தம் ஆகிய மூன்றில் ஏதாவது இரண்டுதான் கிடைக்கும் என்று அவர் சொன்னதை இன்றும் இத்தொழிலில் இரும்பு விதி என்கிறார்கள். ஏஆர் முதல் இரண்டை எடுத்துக்கொண்டது. அதனால் சத்தத்துக்குப் பஞ்சம். சின்ன ஆம்ப் போட்டால் ஆம்ப்புக்கு வியர்க்கும். ஜேபிஎல் எல்100 ஸ்டுடியோவில் உழைத்த மானிட்டரின் வீட்டு அவதாரம். கொஞ்சம் கரன்ட் கொடுத்தாலே கூரையைத் தூக்கும்.

ஆக, வால்யூம் குமிழை ஒரே இடத்தில் வைத்துவிட்டு இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டால் என்ன ஆகும்? ஜேபிஎல் ஜெயிக்கும். சற்றே உரக்கப் பாடுவதைக் காது 'தெளிவு' என்று எடுத்துக்கொள்ளும். டெசிபல் மீட்டர் வைத்து இரண்டையும் சமப்படுத்திய பிறகுதான் பேச்சே தொடங்க வேண்டும். நான் சொன்னேன். கேட்பதற்கு ஆள் இல்லை. எந்த ஊர் ஆடியோக்காரரும் முதலில் போடும் அந்த அமெரிக்க கிடார் பாட்டு ஓடியது, பிறகு எம்.டி. ராமநாதன், பிறகு தவில். ஜேபிஎல்லுக்குக் கைதட்டல்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். பாட்டு ஆரம்பிப்பதற்கு முன்பே ஒருவர், "ஏஆர் கொஞ்சம் இருட்டா இருக்கே சார்" என்றார் பாருங்கள், அதுதான் தாங்கவில்லை. அவர் காது பேசவில்லை. நண்பர் அந்த ஜோடியை வாங்கும்போதே யாரோ அதற்குத் தலையிலிருந்து கால்வரை பளபளவென்று கறுப்பு எனாமல் அடித்து வைத்திருந்தார்கள். கண் பார்த்ததை வாய் சொன்னது. (ஏஆர் உண்மையிலேயே கொஞ்சம் அடக்கமாகப் பாடும் ஜாதிதான். பின்பக்கம் உள்ள இரண்டு கன்ட்ரோல்களிலும் பாசி பிடித்திருந்தால் ட்வீட்டர் பாதி உயிரில்தான் இருக்கும். ஏஆர் வாங்குகிறவர்கள் முதலில் திருகிப் பார்க்க வேண்டிய இடம் அது.)

சரி, ஒரு படுக்கை விரிப்பைக் குறுக்கே கட்டிவிட்டுக் கேட்கலாம் என்றேன். ஒலி ஆராய்ச்சியாளர்கள் ஃப்ளாய்ட் டூலும் ஷான் ஆலிவும் 1994-இல் வெளியிட்ட ஆய்வை எடுத்துச் சொன்னேன். ஜேபிஎல்லைக் கையில் வைத்திருக்கும் ஹார்மன் கம்பெனி ஊழியர்களையே உட்கார வைத்து, அதே ஸ்பீக்கர்களை ஒரு தடவை திரைக்குப் பின்னாலும் ஒரு தடவை கண்ணெதிரிலும் ஒலிக்கவிட்டார்கள். பார்த்துக்கொண்டு கேட்டபோது மதிப்பெண்கள் மாறிவிட்டன. சத்தம் அதே சத்தம்தான். டூல் எழுதிய புத்தகத்தைப் பற்றி இந்தப் பத்தியில் இதோடு எத்தனை தடவை பேசிவிட்டேன் என்று ஆசிரியர் கேட்கிறார். இன்னும் பேசுவேன்.

படுக்கை விரிப்பு யோசனையை வீட்டுக்கார நண்பர் ஒரே வாக்கியத்தில் முடித்துவைத்தார்: "பார்க்காம கேக்கறதுக்கா சார் இவ்வளவு காசு போட்டு வாங்கினோம்?"

இதற்கு என்னிடம் பதில் இல்லை; நியாயமான கேள்வி. ஆனால் பார்ப்பதற்குத்தான் வாங்குகிறோம் என்றால் அந்தக் கறுப்பு எதற்கு? பெட்டியின் அடிப்பக்கத்தில் பெயின்ட் பிசகிய ஒரு விரற்கடை இடத்தில் வால்நட் தெரிந்தது. காப்பிப் பொடி நிறத்தில், நீளவாட்டில் ஓடும் ரேகை. அதைப் பார்த்த பிறகு யார் ஜெயித்தால் எனக்கென்ன? "இதைக் கொஞ்ச நாள் என்கிட்ட விடுங்க" என்று நண்பரிடம் சொல்லி ஆட்டோவில் ஏற்றினேன். ஒவ்வொன்றும் இருபத்து நாலு கிலோ. இடுப்பு இன்னும் ஞாபகம் வைத்திருக்கிறது.

பெயின்ட்டை எடுப்பதில் ஒரே விதிதான்: உப்புத்தாளைத் தொடாதே. மெஷின் வைத்துத் தேய்த்தால் சட்டென்று வேலை முடிந்துவிடும், வெனீரும் முடிந்துவிடும். பலகைமேல் ஒட்டியிருக்கும் அந்த மரத்தோல் ஒரு மில்லிமீட்டர் கனம்கூட இருக்காது. ஓரங்களில் அதை ஒரு தடவை தின்றுவிட்டால் அடிப்பலகை பல்லைக் காட்டும், திரும்பி வராது. ஸ்பீக்கர்களைக் கழற்றிவிட்டு, பெயின்ட் ரிமூவரைத் தடிமனாகத் தடவி, மேலே பாலிதீன் காகிதத்தைப் போர்த்தி உட்கார வேண்டும். எனாமல் தோல் உரிந்து சுருங்கி எழும்பும். அதைப் பழைய ஏடிஎம் கார்டால் ரேகையின் போக்கிலேயே வழித்தெடுக்க வேண்டும். ரேகைக்குக் குறுக்கே ஒரு இழுப்பு இழுத்தாலும் அது காலத்துக்கும் தெரியும். மரத்தின் நுண்துளைகளுக்குள் கறுப்பு மிச்சம் இருந்தது. பித்தளைப் பல் பிரஷும் தின்னரும் அதைக் கவனித்துக்கொண்டன. கறுப்பு போகப் போக மரம் வெளியே வந்தது. சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதை நீட்டினால் அடுத்த வாரம்வரை நீட்டுவேன்.

பிறகு பூச்சு. ஏஆர் தொழிற்சாலையிலிருந்து வந்த வால்நட் பெட்டிகள் எண்ணெய் தேய்த்தவை. அதனால் பெயின்ட் கடையில் டபுள் பாயில்டு லின்சீட் ஆயில் வாங்கிக்கொண்டு திருவல்லிக்கேணிக்குப் போனேன், பாலிஷ் பாயிடம். பழைய பர்மா தேக்கு நாற்காலிகளுக்கு உயிர் கொடுக்கிறவர். அவர் பாட்டிலைப் பார்த்தார்.

"இது எதுக்கு சார்?"

"கம்பெனில அப்படித்தான் பண்ணினான், பாய்."

"அவன் ஊர் மழை வேற, நம்ம ஊர் மழை வேற. ரெண்டு ஐப்பசி தாண்டட்டும், பூஞ்சை பூத்துக் கெடக்கும். துணியையும் கசக்கிக் கூடைல போடாதீங்க, தானா தீப்பிடிக்கும்."

கடைசி விஷயம் எனக்குத் தெரியும். லின்சீட் துணி உலரும்போது சூடாகும். விரித்துக் காயப்போட வேண்டும் அல்லது தண்ணீரில் ஊறப்போட வேண்டும். பூஞ்சை விஷயத்தை யோசித்தேன். சென்னைக் காற்றின் ஈரம் எதை விட்டுவைத்தது? எழுபதுகளில் வந்த வூஃபர்களின் நுரை விளிம்பு இந்த ஊரில் புட்டுமாவாக உதிர்வதற்கும் அதே ஈரம்தான் காரணம்.

பாய் வேறு ஒரு பாட்டிலை எடுத்தார். அரக்குச் செதில்களை முந்தின இரவே ஸ்பிரிட்டில் ஊறப்போட்டு வைத்திருந்தார். பழைய வேட்டித் துணிக்குள் பஞ்சை வைத்து எலுமிச்சை அளவில் ஒரு பொட்டணம் கட்டி, அதில் அரக்கை ஊற்றிப் பிழிந்து, மேலே ஒரு சொட்டு எண்ணெய். ஒரு கழிவுப் பலகையில் எட்டு வடிவில் சுற்றிக் காட்டினார். கை பலகையைத் தொடும்போதும் ஓட்டம்தான், விடும்போதும் ஓட்டம்தான். நின்றால் பொட்டணம் பலகையோடு ஒட்டிக்கொண்டு தோலை உரித்துவிடும். மெல்லிய கோட்டுகளாக ஏற்றி, கடைசியில் மிக நைசான ஸ்டீல் கம்பளியும் மெழுகும் போட்டுப் பளபளப்பைக் கொன்றுவிட்டால் எண்ணெய் தேய்த்த மாதிரியே தெரியும் என்றார். தெரிந்தது.

இந்த அரக்கு இருக்கிறதே, அது ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் காடுகளில் இலந்தையிலும், நம் புரசைவாக்கம் கோயிலின் தலவிருட்சமான அதே புரசிலும் அப்பிக்கிடக்கும் குட்டிப் பூச்சிகள் சுரக்கும் பிசின். நம் தாத்தாக்கள் கேட்ட 78 சுற்று இசைத்தட்டும் அதே பிசினும் கல்மாவும்தான். 1908-இல் கல்கத்தா சியால்டாவில் கிராமபோன் கம்பெனி தொழிற்சாலை போட்டது. சென்னையில் ஓடியன் தட்டுகளை விற்ற சரஸ்வதி ஸ்டோர்ஸின் பங்குதாரராக இருந்த மெய்யப்பன் பிறகு ஏவிஎம் ஆனார். இரண்டாம் உலகப் போரில் அரக்கு ராணுவச் சரக்காகிவிட, 1942-இல் அமெரிக்காவில் இசைத்தட்டுக்குக் கொடுக்கும் அளவைக் கடுமையாகக் குறைத்தார்கள். பழைய தட்டைக் கொடுத்துப் புதுத் தட்டு வாங்கும் நிலை வந்தது. வினைல் வந்து உலகம் மாறிய பிறகும் நாம் விடவில்லை. பீட்டில்ஸ் பாட்டுகள்கூட இந்தியாவில் 78 தட்டாக வந்திருக்கின்றன. இன்று அவை வெளிநாட்டில் கொள்ளை விலை.

இதையெல்லாம் பாயிடம் சொன்னேன். அவர் அசரவில்லை. "பாட்டும் பெட்டியும் ஒரே பூச்சியோட எச்சில்னு சொல்றீங்க" என்றார். அவர் அப்பா காலத்தில் அரக்கு பாலிஷ் தெரியாதவனுக்குக் கல்யாணத்துக்குப் பெண் தரமாட்டார்களாம். இப்போது கம்ப்ரசரும் ஸ்ப்ரேயும் வந்துவிட்டன. காலையில் அடித்தால் மாலையில் டெலிவரி. அவர் பையன் அதைத்தான் செய்கிறான், நன்றாகச் சம்பாதிக்கிறான், அப்பாவின் முதுகுவலிக்கு டாக்டர் செலவும் அவன்தான் பார்க்கிறான். பாயிடம் இதில் வருத்தம் எதுவும் தென்படவில்லை. வருத்தமெல்லாம் எனக்குத்தான் போலிருக்கிறது.

எண்ணெய் பாட்டில் என் வீட்டுப் பரணில் ஏறிவிட்டது. ஆனால் வானம் மூட்டமாக இருக்கும் நாளில் பாய் பொட்டணத்தைத் தொடமாட்டார். ஈரத்தில் போட்டால் அரக்கு வெள்ளையாகப் பூத்துப்போகும். மழை முடிந்து தை பிறக்கட்டும் என்று சொல்லிவிட்டார். அதுவரை பெட்டிகள் வெற்று உடம்போடு என் ஹாலில் நிற்கும். வூஃபரைத் திரும்ப மாட்டும்போது சுற்றிலும் வைக்கும் பட்டியை நான் பார்த்துக்கொள்வேன். கூம்பை மெதுவாக உள்ளே அழுத்திவிட்டால் சாவகாசமாக, யோசித்து யோசித்து வெளியே வர வேண்டும். துள்ளி வந்தால் எங்கோ காற்று ஒழுகுகிறது.

பாக்கி இருப்பது முன்பக்கத் துணி. ஏஆர்-3ஏவுக்கு வந்தது லினன், வெளுக்காதது, கொஞ்சம் முரட்டு நெசவு. ஜவுளிக் கடைகளில் கேட்டால் சட்டைத் துணி காட்டுகிறார்கள். பாலியெஸ்டர் கலக்காத, வாயில் வைத்து ஊதினால் மூச்சு தாராளமாக அந்தப் பக்கம் போகிற லினன் எங்கே கிடைக்கும் என்று தெரிந்த வாசகர்கள் பத்திரிகை முகவரிக்கு ஒரு துண்டு வெட்டி அனுப்பினால் நல்லது. இரண்டு பெட்டிக்கும் சேர்த்து ஒன்றரை மீட்டர் போதும். கறுப்பு வேண்டாம்.