மெயின் போட்டைக் கழற்றுவதற்கு முன்

வெளிநாட்டு உறவினர் அனுப்பிய புது பிளேயரைப் பழைய எல்சிடி ரீவியில் கொளுவினால் 'சிக்னல் இல்லை' என்று வருகிறது. வாடிக்கையாளர் இரண்டையும் தூக்கிக்கொண்டு, ரீவி திருத்தும் நம் கடைக்கு வருகிறார். "மெயின் போட் போய்விட்டது, வேறு ரீவி எடுங்கோ" என்று சொல்லி அனுப்புவது சுலபம். மீன்பிடியையும் துறைமுக வேலையையும் நம்பி வாழும் திருகோணமலைக் குடும்பத்துக்கு அந்த ஒரு சொல் பெருஞ்செலவு. சோதிக்காமல் அதைச் சொல்ல நமக்கு உரிமை இல்லை.

எச்டிஎம்ஐயில் படம் வருவதற்கு முன் சில படிகள் ஒழுங்காக நடந்தாக வேண்டும். பிளேயர் 18ஆம் பின்னில் 5 வோல்ற் கொடுக்கும். ரீவி 19ஆம் பின்னை உயர்த்திப் பதில் காட்டும். பிறகு 15, 16ஆம் பின்கள் வழியே ரீவி எந்தெந்தத் தெளிவை ஏற்கும் என்று சொல்லும் ஈடிஐடி தரவை பிளேயர் வாசிக்கும். எச்டிசிபி எனும் நகல்தடுப்புக்கான சாவிப் பரிமாற்றமும் அதே இரண்டு பின்களில்தான். எந்தப் படியில் தடைப்பட்டது என்பதே நாம் தேட வேண்டியது. 18, 19ஐப் பார்க்க மல்டிமீற்றர் போதும்.

பழைய ரீவிகள் பலவற்றில் ஒவ்வொரு சொக்கெட்டுக்கும் தனியாக ஒரு 24சி02 நினைவகம் உண்டு. அதிலுள்ள 256 பைட்டுகளே ஈடிஐடி. ஒரு சொக்கெட்டில் படம் வந்து மற்றதில் வராவிட்டால் முதலில் அந்த நினைவகத்தைச் சந்தேகியுங்கள். நல்ல சொக்கெட்டின் தரவைப் பிரதி எடுத்து எழுதலாம். ஆனால் சொக்கெட் முகவரியையும் அதற்கேற்ப செக்சம்மையும் மாற்ற மறக்கக் கூடாது.

மெனு தெரிகிறது, படத்தைப் போட்டால் மட்டும் திரை கறுக்கிறது என்றால் எச்டிசிபியைப் பாருங்கள். 2013இல் வந்த 2.2 பதிப்பைக் கேட்கும் 4கே படங்களைப் பழைய ரீவி காட்டாது. அதைச் சொல்டரிங் அயனால் திருத்த முடியாது. வாடிக்கையாளரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லி, பிளேயரின் வெளியீட்டைக் குறைத்துப் பார்க்க வேண்டும். 1366x768 பனல் கொண்ட ரீவிக்கு 720பி அல்லது 1080ஐ தெளிவில் வையுங்கள். படம் வந்து ஒலி வராவிட்டால் ஒலி வெளியீட்டை பிசிஎம்முக்கு மாற்றுங்கள். ரீவியில் டிவிஐ சொக்கெட் மட்டும் இருந்தால் ஒலிக்குத் தனி வயர் தேவை.

குழாய் ரீவி வைத்திருப்பவர்களிடம் ஒரு முனையில் எச்டிஎம்ஐயும் மறுமுனையில் மூன்று ஆர்சிஏயும் உள்ள வெறும் கேபிளை விற்காதீர்கள். உள்ளே மாற்றும் சுற்று இல்லாமல் அது வேலை செய்யாது. மின்சாரம் கொடுத்து இயக்கும் கன்வேர்ட்டரே தேவை. அதிலும் படம் கறுப்பு வெள்ளையாக வந்தால், பக்கத்திலுள்ள சிறு சுவிட்ச் என்ரிஎஸ்சியில் நிற்கிறதா என்று பாருங்கள். அதை பால் பக்கம் தள்ளினால் நிறம் வந்துவிடும்.

திருகோணமலைக்கென்று இரண்டு எதிரிகள் உண்டு. ஒன்று உப்புக் காற்று: சொக்கெட் பின்களில் பச்சை பிடித்திருக்கிறதா என்று உருப்பெருக்கியில் பார்த்து, ஐசோபுரொப்பைல் அல்ககோலால் துடையுங்கள். மற்றது ஏப்ரல், ஒக்டோபர், நவம்பர் மாத இடிமின்னல்: டிஷ் வயர் வழியாக வரும் மின்னெழுச்சி செட்டொப் பொக்ஸைத் தாண்டி எச்டிஎம்ஐ வழியே ரீவிக்குள் புகும். நிலத்தொடுப்பு இல்லாத இரு முனை பிளக் கருவிகளின் உலோகப் பகுதியில், 230 வோல்ற்றில் ஏறக்குறைய பாதி மிதப்பதை மீற்றரில் காணலாம். மின்னோட்டம் மிகச் சிறியது. ஆனாலும் கேபிளைச் செருகும் கணத்தில் எச்டிஎம்ஐ சில்லைக் கெடுக்க அது போதும். இரு கருவிகளின் மின் பிளக்குகளையும் கழற்றிவிட்டே கேபிளைச் செருக வேண்டும் என்பதை வாடிக்கையாளருக்கும் சொல்லிக் கொடுங்கள்.

இனி ஒவ்வொரு பற்றுச்சீட்டிலும், இணைப்பு எந்தப் படியில் நின்றது, என்ன அளந்தீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். அந்த வரியை எழுத முடியாத கடை, ரீவியைக் கைவிடச் சொல்லவும் கூடாது. சோதனைக்கு உரிய கூலியைக் கேட்டு வாங்குங்கள். கண்டுபிடிப்பதும் நம் உழைப்புத்தான்.